குழுவின் வெப்சைட்டைப் புதுப்பிக்கிறீர்களா? தீம் தேடுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருள்) குழு எதுவாக இருந்தாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் "நம்ம சைட் ரொம்பப் பழசா இருக்குப்பா" என்று ஆரம்பிப்பார். அன்று ராத்திரியே வாட்ஸப்பில் நாலு தீம் (தளத்துக்கான ஆயத்தத் தோற்றம்) லிங்க் வந்து விழும், ஒருவர் கறுப்புப் பின்னணி கேட்பார், இன்னொருவர் முகப்பில் லினக்ஸ் சின்னமான பெங்குவின் அசைய வேண்டும் என்பார், டெர்மினல் மாதிரியே இருந்தால் கெத்தாக இருக்கும் என்று மூன்றாமவர். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் முகப்பு மட்டும் பளபளக்கும், உள்ளே எதைத் தட்டினாலும் "விரைவில்" என்று வரும்.

புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் வட்டாரத்தில் இப்படிப்பட்ட குழுக்களுக்குக் குறைவில்லை. அவர்களில் யாராவது இந்த வருடம் தளத்தில் கைவைக்கப் போகிறார்கள் என்றால் நான் சொல்வது ஒன்றுதான்: வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள். தீமும் நிறமும் கடைசி. முதலில் எண்ண வேண்டியது ஆட்களை.

எத்தனை கைகள், அத்தனை பக்கங்கள்

நம் குழுக்களின் நிலவரம் தெரிந்ததுதான். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள், படிப்பு முடிந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ கிளம்பிவிடுவார்கள். மீதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் மிச்சம், அதிலும் ஒரு கல்யாணம் காதுகுத்து வந்துவிடும். அதனால் திட்டத்தாளின் முதல் வரியில் "புதுத் தளம் எப்படி இருக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "வெளியிட்ட பிறகு மாதம் ஒரு மணி நேரம் இதில் உட்காரப் போகிறவர் யார் யார்" என்று எழுதி, கீழே பெயர்களைப் போடுங்கள். கூட்டத்தில் உற்சாகமாகக் கை தூக்குகிறவர்களை எல்லாம் சேர்க்கக் கூடாது. இறுதியாண்டு மாணவர்களையும் விட்டுவிடுங்கள், வேலைக்கான நேர்காணல் வரிசை தொடங்கினால் அவர்களைப் பிடிக்க முடியாது, பிடிக்கவும் கூடாது.

மூன்று பெயர்தான் மிஞ்சுகிறதா? சரி, மூன்று பேர் பார்த்துக்கொள்ளும் அளவுக்கே தளம். அது ஐந்தாறு பக்கமும் ஒரு நிகழ்வுப் பட்டியலும்தான். வலைப்பூ, செய்திப் பகுதி, உறுப்பினர் லாகின், சான்றிதழ் டவுன்லோடு, கேள்வி-பதில் என்று அடுக்கிக்கொண்டே போவது சுலபம். ஆனால் "சமீபத்திய செய்திகள்" என்ற தலைப்புக்குக் கீழே 2021-ம் வருடத் தேதி நின்றால், பார்க்கிறவர் இந்தக் குழு கலைந்துவிட்டது என்றே முடிவு கட்டுவார். ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் இருபது பேர் கூடுவது அவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்தது சாவிக்கொத்து

டொமைன் (தளத்தின் பெயர்), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வர் இடம்), டிஎன்எஸ் (பெயரைச் சர்வரோடு இணைக்கும் பதிவு), கோடு இருக்கும் ரெப்போ, குழுவின் மின்னஞ்சல், மாஸ்டடான் சமூக வலைத்தளக் கணக்கு. இவை ஒவ்வொன்றும் யார் பெயரில் இருக்கிறது, எந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கிறது, ஓடிபி யார் போனுக்கு வருகிறது, எந்தத் தேதியில் காலாவதி ஆகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலான குழுக்களுக்கு இந்தத் தாளை நிரப்பவே இரண்டு வாரம் ஆகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குழுவின் டொமைன், முன்னாள் உறுப்பினர் ஒருவரின் கல்லூரி மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் படித்து முடித்த அடுத்த வருடமே கல்லூரி அந்த முகவரியை மூடிவிட்டது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா என்று அழுத்தினால் மீட்பு லிங்க் இல்லாத பெட்டிக்குப் போகும். அந்த நண்பர் இருக்கிறார், நல்லவர், உதவத் தயாராகவும் இருக்கிறார், ஆனால் தான்தான் உரிமையாளர் என்று டொமைன் விற்ற கம்பெனிக்கு ஆதாரம் அனுப்பி நிரூபிக்க வேண்டியிருந்தது. அதுவரை புதுத் தளத்தின் வேலை ஒரு அடி நகரவில்லை.

கல்லூரி முகவரி, அலுவலக முகவரி இரண்டும் வேண்டாம். குழுவுக்கென்று ஒரு பொது முகவரி, எல்லாப் பாஸ்வேர்டுகளும் கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்ட் பெட்டகத்தின் கோப்பு ஒன்றில், அதன் திறவு குறைந்தது இரண்டு பேரிடம். பணம் கட்டும் விஷயத்தில் நம் நாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதிகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, வெளிநாட்டு நிறுவனங்கள் கார்டிலிருந்து தானாகப் பிடிக்கும் தொகை பல நேரம் நின்றுபோகிறது. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். டாட் ஆர்க் போன்ற டொமைன்களை ஒரேயடியாகப் 10 வருடம் வரை பதிந்துகொள்ளலாம். அவ்வளவு வேண்டாம் என்றாலும், குழுவில் காசு இருக்கும்போதே மூன்று நான்கு வருடத்துக்குக் கட்டிவிடுவது நல்லது.

இருப்பதைக் கணக்கெடுப்பது

பழைய தளத்தில் என்ன இருக்கிறது என்று குழுவில் யாருக்கும் முழுதாகத் தெரியாது. தளங்களை இறக்கித் தரும் டபிள்யூகெட் கட்டளையில் மிரர் (அப்படியே பிரதி) தெரிவைக் கொடுத்தால் மொத்தத் தளமும் உங்கள் மடிக்கணினிக்கு வந்துவிடும். அதை வைத்து லிப்ரே ஆபீஸ் கால்க் விரிதாளில் ஒரு பக்கத்துக்கு ஒரு வரி என்று போடுங்கள்: முகவரி, எழுதியவர், கடைசியாகத் திருத்திய தேதி, எவ்வளவு பேர் வருகிறார்கள், என்ன செய்யப் போகிறோம். கடைசிக் கட்டத்தில் வைத்துக்கொள், திருத்து, இன்னொன்றோடு சேர், எடுத்துவிடு என்ற நான்கில் ஒன்று இருக்க வேண்டும், "பார்க்கலாம்" என்ற ஐந்தாவதை அனுமதிக்காதீர்கள். கைவைக்கும் முன், முக்கியமான பக்கங்களை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள். பிறகு எவரும் "என் கட்டுரை எங்கே" என்று சண்டைக்கு வர மாட்டார்கள்.

எவ்வளவு பேர் வருகிறார்கள் என்பதற்கு கூகுள் அனலிடிக்ஸ் போட வேண்டியதில்லை. சர்வர் லாக் (வருகைப் பதிவு) கிடைக்கிறது என்றால் அதைப் படித்து எண்ணும் கோஅக்செஸ் போதும், இல்லாவிட்டால் தளத்திலேயே பொருத்தும் மட்டோமோ. எண்களைப் பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும். குழுவின் கொள்கை விளக்கம், செயற்குழு, தொலைநோக்கு என்று நாம் ராத்திரி கண்விழித்து எழுதிய பக்கங்களுக்கு ஆளே வந்திருக்க மாட்டார்கள். லினக்ஸில் தமிழ்99 தட்டச்சை எப்படி நிறுவுவது என்று எப்போதோ யாரோ எழுதிப்போட்ட பக்கத்துக்குத்தான் தினமும் யாராவது வந்துகொண்டிருப்பார்கள், அது மெனுவில்கூட இருக்காது. ஆகவே வருகை எண்ணைப் பார்க்காமல் எந்தப் பக்கத்தையும் தூக்காதீர்கள்.

பழைய கட்டுரைகள் டிஸ்கி, பாமினி போன்ற பழைய எழுத்துக் குறியாக்கங்களில் இருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிவிடுங்கள். தமிழக அரசே 2010-ல் ஒருங்குறிக்கு வந்துவிட்டது, நாம் வராவிட்டால் எப்படி. மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். "கொ" என்ற எழுத்தை ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று பிரித்தும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். சில மாற்றிகள் பிரித்துவைத்துவிடும், அப்போது தளத்தின் தேடல் பெட்டியில் "தொடக்கம்" என்று அடித்தால் பாதிக் கட்டுரைகள் வராது. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற ஒற்றைக்குறி வடிவத்துக்குக் கொண்டுவரும் ஒரு சின்ன பைத்தான் நிரல் இதைத் தீர்த்துவிடும், குழுவுக்குப் புதிதாக வந்தவருக்குக் கொடுக்க அருமையான முதல் வேலை.

போனைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்

யாருக்காகத் தளம் என்பதை உட்கார்ந்து யோசிப்பதைவிட ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்ப்பது மேல். ஐந்து போதும். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாகோப் நீல்சன் 2000-லேயே சொன்ன கணக்கு, பெரிய தடுக்கல்களில் பெரும்பாலானவை முதல் ஐந்து பேரிலேயே தெரிந்துவிடும். குழுவில் இல்லாதவர்களாகப் பிடியுங்கள், உதாரணமாக: முதலாம் ஆண்டு மாணவி, அவருடைய அப்பா, கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர், ஏற்கெனவே வேறு திட்டத்தில் கோடு எழுதும் ஒருவர். "அடுத்த கூட்டம் எப்போது, எங்கே, எப்படிப் போவீர்கள்?" இவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பிறகு எதுவும் சொல்லாதீர்கள், "அங்கே இல்லை, மேலே பாருங்கள்" என்று நீட்டிய விரலைக்கூட மடக்கிக்கொள்ளுங்கள்.

நான் பார்த்த ஒரு சோதனையில், ஒரு மாணவி முகப்பில் இருந்த வரைபடத்தைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தட்டினார், இரண்டு விரலால் பெரிதாக்கினார், தெருப்பெயர்கள் மங்கலாகி உடைந்தன. அது வரைபடம் இல்லை, வரைபடத்தின் ஸ்க்ரீன்ஷாட். அவர் அமைதியாகத் தளத்தை மூடிவிட்டு வாட்ஸப்பைத் திறந்து தோழிக்கு "எங்கடி அது" என்று அடித்தார். ஒரு மாதம் விவாதித்தாலும் கிடைக்காத தகவல் இது. கட்டற்ற வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் லிங்க் ஒன்றும், கீழே எழுத்தில் வழியும் போட்டால் முடிந்தது வேலை. வழி என்றால் நம் ஊர்க்காரர்கள் சொல்கிற மாதிரி: கடலூரிலிருந்து வருகிறவர் முதலியார்பேட்டை வழியாக வருவார், விழுப்புரத்துக்காரர் வில்லியனூர், ரெட்டியார்பாளையம் தாண்டி இந்திரா காந்தி சிலைக்கு வருவார், திண்டிவனத்திலிருந்து என்றால் கோரிமேடு, ராஜீவ் காந்தி சிலை. எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், மாடிப்படி எந்தப் பக்கம் என்பதுவரை எழுதுங்கள். கூடவே, லேப்டாப் இல்லாமல் வரலாமா, பணம் கட்ட வேண்டுமா, பெண்கள் வருவார்களா, எத்தனை மணிக்கு முடியும் என்பதையும். அப்பாக்கள் தேடுவது கடைசி இரண்டைத்தான்.

கல்லூரி ஆசிரியருக்கு வேண்டியது வேறு. பயிலரங்கு நடத்த உங்களை அழைப்பதற்கு யாருக்குக் கடிதம் எழுதுவது, என்னென்ன தலைப்பு, எத்தனை மணி நேரம், கணினி ஆய்வகத்தில் என்ன நிறுவியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரே ஒரு பக்கம். துறைத்தலைவரிடம் காட்ட அவர் அதை அப்படியே அச்செடுப்பார், எனவே அச்செடுத்தால் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள்.

மெனுவைத் தீர்மானிக்கத் துண்டுச்சீட்டு போதும். ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதி மேசையில் பரப்பி, வந்தவர்களை அவரவர்க்குத் தோன்றியபடி அடுக்கச் சொல்லுங்கள். ஆறு தலைப்புக்கு மேல் போனால் போனில் மெனு தாங்காது.

மொழி என்று வரும்போது, தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து, அத்தோடு நிறுத்துங்கள். புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் மாஹேயும் ஏனாமும் இருப்பதால் மலையாளமும் தெலுங்கும் வேண்டும் என்று ஒருவர் கேட்பார், பாண்டியாயிற்றே, பிரெஞ்சு இல்லாமலா என்று இன்னொருவர். மொழிபெயர்க்க ஆள் வந்தால் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் திறந்துவிடலாம், அதுவரை கொடியை மட்டும் மெனுவில் நட்டு வைக்க வேண்டாம். இரண்டு மொழியிலும்கூட அடிக்கடி மாறாத பக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்வு அறிவிப்பை இரண்டு முறை எழுத யாருக்கும் பொறுமை இருக்காது.

வேர்ட்பிரஸா, ஹ்யூகோவா?

தளத்தை எந்தக் கருவியில் கட்டுவது? சண்டை இங்கேதான் மூளும். என் கணக்கு எளிமையானது. முதலில் எழுதினீர்களே, பெயர்ப் பட்டியல், அதில் கிட் (கோப்பு மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) தெரிந்தவர் மூன்று பேராவது இருந்தால் ஹ்யூகோ, ஜெகில் மாதிரி கருவியில் செய்த நிலையான தளம், அதாவது ஆயத்தக் கோப்புகளாக மட்டும் இருப்பது. சர்வர் செலவு ஏறக்குறைய இல்லை, உடைத்து உள்ளே வர ஒன்றும் இல்லை, இரண்டு வருடம் யாரும் தொடாவிட்டாலும் அப்படியே நிற்கும். கோடு வைக்கும் தளங்களான கோட்பெர்க், கிட்லேப் இரண்டிலும் பிரவுசரிலேயே கோப்பைத் திருத்தலாம் என்பதால் புதியவர்களும் பழகிக்கொள்வார்கள். மூன்று பேர் இல்லை என்றால் வேர்ட்பிரஸ்தான், வெட்கப்பட ஒன்றுமில்லை, 2003-லிருந்து ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருக்கிற மென்பொருள் அது. ஆனால் பேஜ் பில்டர் (இழுத்துப்போட்டுப் பக்கம் கட்டும் கருவி) வேண்டாம், பிளகின் எனும் துணைநிரல்களை ஒரு கை விரலுக்குள் நிறுத்துங்கள், அப்டேட் போடும் ஆள் யார் என்று பெயர் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்ட வேர்ட்பிரஸ் தளத்தில் ஒருநாள் சூதாட்ட விளம்பரம் ஓடும், அதைக் கல்லூரி முதல்வர்தான் முதலில் பார்ப்பார்.

மூன்றாவது ஒரு வழி எப்போதும் முளைக்கும். இரண்டாமாண்டு மாணவர் ஒருவர், திறமையானவர், "எல்லாத்தையும் ரியாக்ட்ல நானே எழுதித் தரேன்ணா" என்பார். அந்த ஆர்வத்தை அணைக்க வேண்டாம், ஆனால் அதைத் தளத்தின் முதுகெலும்பில் ஏற்றவும் வேண்டாம். நிகழ்வு நாட்காட்டி மாதிரி தனியாகக் கழற்றக்கூடிய ஒரு துண்டைக் கொடுங்கள். அவர் வேலைக்குப் போன பிறகு அது நின்றுபோனாலும் தளம் நிற்காது.

கட்டற்ற மென்பொருள் குழு என்பதால் இன்னொரு விஷயம் கூடவே வரும். கூகுள் படிவம், கூகுள் வரைபடம், கூகுளிலிருந்து நேராக இழுக்கும் எழுத்துரு, இதையெல்லாம் வைத்துக்கொண்டு தனியுரிமை பற்றிப் பயிலரங்கு எடுத்தால் முதல் கேள்வி அங்கிருந்துதான் வரும். எழுத்துரு விஷயத்தில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று 2022 ஜனவரியில், பார்வையாளரின் ஐபி முகவரி இப்படி கூகுளுக்குப் போனதற்காகத் தள உரிமையாளரை 100 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் ஊரில் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனாலும் எழுத்துருக் கோப்பை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை. வடிவமைப்பை வரைந்து பார்க்க ஃபிக்மாவுக்குப் பதில் கட்டற்ற மென்பொருளான பென்பாட் இருக்கிறது. தீமின் அடிப்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். "அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" என்ற வரியோடு எத்தனை கட்டற்ற மென்பொருள் குழுக்களின் தளங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன தெரியுமா? பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைப் போடுங்கள், பழைய கட்டுரையாளர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

தமிழுக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியவை

தீம்கள் எல்லாம் ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தவை. தமிழை ஊற்றினால் எங்கெங்கே பிதுங்கும் என்று திட்டமிடும்போதே பார்த்துவிட வேண்டும், அதனால் மாதிரி வரைவில் பொருளில்லாத லத்தீன் வரிகளை நிரப்பாதீர்கள், உங்கள் நிஜமான தமிழ் உரையையே போடுங்கள். பொத்தானில் "பங்களிப்பாளர்களுக்கான வழிகாட்டி" என்று எழுதிப் பாருங்கள், சின்னப் போனில் வெளியே வழியும். அங்கே "பங்களிக்க" என்றால் போதும்.

வரி இடைவெளி ஆங்கிலத்துக்குப் போதுமானது தமிழுக்குப் போதாது. மேல் வரியில் "பூ" இருந்து, அதன் நேர் கீழே "கீ" வந்தால் சுழியும் சுழியும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவின் 1.6, 1.7 மடங்கு வைத்துப் பாருங்கள். தலைப்புகளில் எழுத்துக்கு எழுத்து இடம்விட்டு அலங்கரிக்கும் தீம்கள் உண்டு, தமிழில் அது சொல்லைச் சிதறடிக்கும், எடுத்துவிடுங்கள். சாய்வெழுத்தும் வேண்டாம். எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் பத்திரமான தேர்வு, கொஞ்சம் முகம் வேண்டும் என்றால் மீரா இனிமை, கட்டமரான், முக்த மலர் இருக்கின்றன, எல்லாமே கட்டற்ற உரிமத்தில் கிடைப்பவை.

பக்க முகவரிகளைத் தமிழில் வைப்பதா? பிரவுசரின் முகவரிப் பட்டையில் பார்க்க அழகுதான். ஆனால் அதை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டும்போது பல நேரம் ஒவ்வொரு குறியும் சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒன்பது இடம் பிடித்துக்கொள்ளும். "நிகழ்வு" என்ற ஒரே சொல், மெய்யும் குறியும் பிரித்து எண்ணினால் ஏழு, 63 இடங்களுக்கு நீண்டுவிடும். நான்கு சொல் தலைப்பு என்றால் பார்க்கிறவர் ஏதோ வைரஸ் லிங்க் என்று நினைத்துக்கொள்வார். நான் ஆங்கில எழுத்தில் சின்ன முகவரி, தமிழில் தலைப்பு என்ற பக்கம்தான். தமிழில்தான் வேண்டும் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, போஸ்டரில் அச்சிடுகிற முகவரிகளையாவது சின்னதாக வையுங்கள்.

எச்டிஎம்எல்லில் மொழியைச் சொல்லும் லாங் பண்பு பெரும்பாலான தீம்களில் ஆங்கிலம் என்றே இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. என்விடிஏ மாதிரியான திரைவாசிப்பான் அதைப் பார்த்துத்தான் எந்தக் குரலில் படிப்பது என்று முடிவு செய்கிறது. அதோடு வரும் இஸ்பீக் என்ஜி என்ற பேச்சுக் கருவிக்குத் தமிழ் தெரியும், நாம் தமிழ் என்று சொன்னால். மாற்றி எழுதியதும் பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் கொடுத்துக் கேளுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்பது டபிள்யூசிஏஜி (எல்லோரும் அணுகும்படி தளம் செய்வதற்கான வழிகாட்டி) விதி, வெளிர்சாம்பல் எழுத்துப் பிரியர்களின் வாயை அடைக்க அது உதவும். பிறகு வாட்ஸப். நம்மிடம் வருகிறவர்களில் பெரும்பகுதி அங்கே வந்த லிங்க்கைத் தட்டித்தான் வருவார்கள். பக்கத்தின் கோடில் எழுதும் ஓபன் கிராஃப் குறிகளில் தலைப்பு, தேதி, படம் சரியாக இருந்தால்தான் லிங்க் அனுப்பும்போது ஒழுங்கான முன்னோட்டம் வரும்.

படங்கள் பற்றி ஒரு வார்த்தை. அரசுப் பள்ளிகளில் நடத்திய பயிலரங்குப் படங்களை முகப்பில் ஓடவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்டவர்கள் குழந்தைகள், அவர்களின் தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். சட்டம் இருக்கட்டும், கேட்காமல் போடுவது மரியாதை இல்லை. முகம் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்த படங்களே போதும்.

பழைய லிங்க்குகள்

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-லேயே எழுதிவைத்த விஷயம், முகவரிகளை மாற்றாதீர்கள் என்பது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தக் கால்க் கோப்பில் ஒரு கட்டம் கூட்டி, பழைய முகவரிக்கு எதிரே புதிய முகவரி எழுதி, ஒவ்வொன்றுக்கும் 301 ரீடைரக்ட் (நிரந்தரமாகத் திருப்பிவிடுவது) போடுங்கள். 302 தற்காலிகம், அது வேண்டாம். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவதும் ரீடைரக்ட் ஆகாது, தமிழ்99 தேடி வந்தவர் பெங்குவினைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கூகுள் குறைந்தது ஒரு வருடமாவது ரீடைரக்டை வைத்திருக்கச் சொல்கிறது, நாம் எடுக்கவே வேண்டாம். கல்லூரி அறிவிப்புப் பலகைகளில் ஒட்டிய க்யூஆர் போஸ்டர்கள் எத்தனை வருடம் அங்கேயே இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். புதிய க்யூஆர் செய்யும்போது நேராக உங்கள் முகவரியை மட்டும் பொதியுங்கள். இலவசமாகச் செய்துதரும் சில தளங்கள் நடுவில் தங்கள் லிங்க்கைச் செருகி, சில வாரம் கழித்துக் காசு கேட்கும்.

யார் முடிவெடுப்பது

எல்லோரிடமும் கருத்துக் கேளுங்கள், ஆனால் எல்லோரும் முடிவெடுக்க வேண்டியதில்லை. வில்லியனூர் தேருக்குத் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பார், ஊரே இழுக்கும், தேர் எந்தப் பக்கம் திரும்புவது என்பது மட்டும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில். உங்கள் திட்டத்திலும் அப்படி இரண்டு பேரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். கருத்துகள் ரெப்போவின் இஷ்யூ (விவாதப் பட்டியல்) பகுதியில் வரட்டும், வாட்ஸப்பில் சொன்னது கணக்கில் வராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பத்து நாள் அவகாசம், அதற்குப் பிறகு அந்த இருவர் சொல்வதே முடிவு. பெரிய குழுக்களுக்கும் இது சுலபமில்லை. பைத்தான் நிரல்மொழியின் அறக்கட்டளை தன் தளத்தைப் புதுப்பிக்க 2012-ல் முன்மொழிவு கேட்டது, புதுத் தளம் வந்தது 2014-ல். லினக்ஸ் இயங்குதளமான டெபியன் 2011-ல் மாற்றிய தோற்றத்தோடு 2020 வரை ஓட்டியது. உங்கள் ஐந்து பக்கத் தளத்துக்கு அவ்வளவு ஆகாது, நான்கு மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நான்கு மாதம் எது என்பதில்தான் உள்ளூர் புத்தி வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எதுவும் திட்டமிடாதீர்கள். ஒரு பக்கம் செமஸ்டர் தேர்வு, மறுபக்கம் மழை. தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. கரண்ட் இல்லாத வீட்டில் யார் உட்கார்ந்து தீம் திருத்துவது? சர்வரை யாராவது வீட்டு மாடியில் வைத்திருந்தால் அதையும் இந்தச் சாக்கில் இறக்கிவிடுங்கள். பொங்கல் முடிந்து ஆரம்பித்து, ஜூன், ஜூலையில் புது மாணவர்கள் சேரும் முன் வெளியிட்டால் சரியாக இருக்கும். செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை மென்பொருள் சுதந்திர தினம். அன்றைக்குத்தான் வெளியிடுவோம் என்று உணர்ச்சிவசப்பட வேண்டாம், அன்று எல்லோரும் ஸ்டால் போடுவதில் இருப்பார்கள், தளம் விழுந்தால் தூக்க ஆள் இருக்காது.

வெளியிடும் வாரம்

துணை டொமைன் ஒன்றில் வைத்துச் சோதிக்கும்போது, தேடுபொறிகள் சேர்க்காமல் இருக்க ஒரு குறி போட்டிருப்பீர்கள். வெளியிடும்போது அதை எடுக்க மறப்பது உலகப் பொது வழக்கம். பட்டியலின் முதல் வரியாக அதை எழுதி, எடுத்தவர் பெயரைப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள். டிஎன்எஸ்ஸின் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் வைத்திருக்கும் நேரத்தை) இரண்டு நாள் முன்னதாகவே குறைத்துவையுங்கள், லெட்ஸ் என்க்ரிப்ட் தரும் பாதுகாப்புச் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஒருமுறை கையால் ஓட்டிப் பாருங்கள், பழைய முகவரிகளின் பட்டியலை லிங்க்செக்கரில் கொடுத்து 404 (பக்கம் இல்லை) எத்தனை வருகிறது என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாற்றாதீர்கள். சனிக்கிழமை காலை மாற்றினால், அடுத்த நாள் கூட்டத்துக்கு வருகிறவர்களே முதல் சோதனையாளர்கள்.

பழைய ஹோஸ்டிங்கை உடனே ரத்து செய்ய வேண்டாம், மூன்று மாதம் ஓடட்டும். குழுவின் மின்னஞ்சலும் அதே கணக்கில்தான் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தரவுத்தளத்தையும் படங்களையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, அதில் ஒன்றைத் திறந்து பார்த்த பிறகு ரத்து செய்யுங்கள்.